நீலக் காருக்குக் கழித்த கண்

கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. நடுவில் ஒரு சாசர் அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகளின் ஓரம் பதிந்திருந்தது. வெளிச்சத்தைக் கையால் மறைத்து, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருவன் ஆசை தீரப் பார்த்துவிட்டுப் போன அடையாளம். விடியற்காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில்தான் கார் நின்றது. வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் கார் நிறுத்த வேறு இடம் கிடையாது. பனி கொட்டி மற்ற கண்ணாடிகளிலெல்லாம் ஈரம் வழிந்துகொண்டிருக்க, இந்த வட்டம் மட்டும் வழியாமல் உலராமல் அப்படியே இருந்தது.

திலக்ஷன் சட்டைக் கையால் அதைத் துடைத்தான். குனிந்து டயரை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். வட்டம் திரும்பவும் அங்கே இருந்தது.

"என்னா மச்சான் இது," என்றான் திலக்ஷன்.

"பனிதான். வேற என்னா," என்றான் பக்கத்தில் நின்ற நிரோஷன்.

அப்படிச் சொல்லும்போது நிரோஷனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். புதுக் காரைச் சுற்றிச் சுற்றித் துடைக்கும் திலக்ஷனின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கலக்கத்தைப் பார்த்த சந்தோஷம் அது. ஏனென்றால் அந்த நீலக் கார் நிரோஷனுடையதாக இருந்திருக்க வேண்டியது. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான்.

நிரோஷன் நோர்வூட் கடைத்தெருவில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். கடைக்கு வரும் போன்களைப் பார்த்ததைவிட, விற்பனைக்கு வரும் பழைய கார்களை அவன் போனில் பார்த்ததுதான் அதிகம். அதிலும் சும்மா கார் இல்லை, ஓடுகிற கார். தரையோடு தாழ்ந்து உட்கார்ந்து, வளைவில் பிடித்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் பாய்கிற கார். புதுக் கார் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய நாளிலிருந்து பழைய கார்களுக்கு வந்த மவுசில், அவன் கைக்கு எட்டும் என்று நினைத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக எட்டாமல் போயின. ஆனாலும் தேடுவதை விடவில்லை. எந்த இஞ்ஜினுக்குச் சாமான் கண்டியில் கிடைக்கும், எது நம் தோட்டத்துப் பாதையில் வயிற்றைத் தேய்க்கும், எது வெறும் சத்தம் மட்டும் போடும் என்று விடிய விடியச் சொல்வான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அவன் மனைவி நிலக்ஷி, "நமக்கு பஸ்ஸே போதுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் திலக்ஷன் கத்தாரிலிருந்து வந்து இறங்கினான். மாமன் மகன். சின்ன வயதில் ஒரே தட்டில் சோறு தின்றவன். வந்ததும் வராததுமாக நிரோஷனின் தோளில் கை போட்டு, "எனக்கு ஒரு காரு பாத்துக் குடு மச்சான். சும்மா பறக்கணும். ஆனா பெரிய காசெல்லாம் கையில இல்ல. நீதான் இதுல மன்னன்," என்றான்.

முதலில் ஹட்டனில் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தார்கள். பின்னால் இறக்கை, அடியில் குடம் மாதிரி சைலன்சர். நிரோஷன் கால்மிதியைத் தூக்கி விரலால் அழுத்தினான். தகரம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. "கத்துறதெல்லாம் ஓடாது, வா," என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இரண்டாவது, நுவரெலியாவில் குணரத்தினம் மாஸ்டர் வீட்டுக் கொட்டகையில் நின்ற நீலக் கார். இரண்டு கதவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே ஓய்வு பெற்றுத் தங்கிவிட்ட மனிதர் அவர். எடுத்த நாளிலிருந்து ஒரே கை. ஒரு விபத்துக் கிடையாது, அடுத்தவன் ஏறியது கிடையாது. "எனக்கு வயசு போட்டுது தம்பி. பதிஞ்சு இருந்து எழும்ப ஏலாமல் கிடக்கு. ஓடிப் பாருங்கோ," என்று சாவியைக் கொடுத்தார்.

நிரோஷன் முதலில் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து உள்ளே பார்த்தான். அவனுக்கு அது சின்ன வயதுப் பழக்கம். பிறகு எண்ணெய் மூடியைத் திருகிப் பார்த்தான், அடியில் துளி அழுக்கில்லை. கதவு இடைவெளிகளில் விரலை ஓட்டினான், எல்லாம் ஒரே அளவு. குளிர்ந்து கிடந்த இஞ்ஜின் சாவியைத் தொட்டதும் பிடித்தது. இதுதான், இத்தனை காலம் தேடியது இதுதான் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவன் திலக்ஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "கியர் பெட்டி போகப் போகுது. வேணாம், விட்டுரு," என்றான்.

பச்சைப் பொய். கொஞ்ச நாள் கழித்துத் தான் மட்டும் வந்து, மாஸ்டரிடம் கெஞ்சியாவது எடுத்துவிடலாம் என்ற கணக்கு. திலக்ஷன் அதைக் காதில் வாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தான், வாவி வரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். "போனா மாத்திக்குவோம் மச்சான். புடிச்சிருச்சு," என்றான். அன்று திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நிரோஷன் நானுஓயா தாண்டி, தலவாக்கலை தாண்டி, வீடு வரும்வரை கியர் மாறும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். வயிறு அப்படி எரிந்தது.

காருக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் பூசை நடந்தது. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். திலக்ஷனின் அம்மா ஜீவராணி நீத்துப்பூசணிக்காயின் மேல் சூடத்தை ஏற்றி, காரை மூன்று தரம் சுற்றி, மகனையும் சுற்றி, ஊர்க் கண்ணு உறவுக் கண்ணு எல்லாம் போக என்று சொல்லிக் கழித்தாள். பிறகு சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். நிரோஷனின் கையில் காயைக் கொடுத்தாள்.

"நீ கொண்டு போ தம்பி. வயித்தெரிச்சல் இல்லாத கைதான் இத ஒடைக்கணும். முச்சந்தியில போட்டு ஒடச்சிட்டு, திரும்பிப் பாக்காம வந்துரு."

தோட்டத்துப் பாதை பொகவந்தலாவை ரோட்டில் வந்து சேரும் முச்சந்தி. நிரோஷன் காயைத் தலைக்கு மேலே தூக்கினான். கீழேயிருந்து, கோயில் வாசலில் திலக்ஷன் அந்த இஞ்ஜினை உறுமவிட்டுக் காட்டும் சத்தமும், பிள்ளைகள் கைதட்டும் சத்தமும் வந்தன. எதுக்குடா உடைக்க வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு. இருக்கிற கண் இருக்கட்டுமே. நான் மட்டும் எரிந்துகொண்டிருக்க, அவன் குளிர்ச்சியாக ஓட்ட வேண்டுமா. தூக்கிய கையை இறக்கினான். ரோட்டோரத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் காயை முழுசாக உருட்டிவிட்டான். வரும்போது திரும்பியும் பார்த்தான். செடிக்கு அடி இருட்டில், வெளுத்த காயின் மேல் சூடம் எரிந்த கருப்பு வட்டம் அவன் பக்கமாகத் திரும்பியிருந்தது.

அதற்கப்புறம்தான் இந்த மூச்சு வட்டம்.

ஒவ்வொரு காலையும் வந்தது. பெரட்டுக்கு வந்த பெண்கள் கூடையும் கையுமாகக் காரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "யாரு கண்ணோ, இந்தப் பாடு படுத்துது," என்றாள் ராசம்மா. திலக்ஷன் காரைக் கோயில் பக்கம் மாற்றி நிறுத்தினான், படங்கு போட்டு மூடினான். படங்கை நீக்கினால் அதே இடத்தில் அதே வட்டம். இதையெல்லாம் நிரோஷன் ஒரு நாள் விடாமல் போய்ப் பார்த்தான், அனுதாபமாகத் தலையாட்டினான், வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டான். இத்தனைக்கும் அந்த நாட்களில் அவனுக்குத் தூக்கம் சரியில்லை. எழுந்தால், இரவெல்லாம் குளிரில் நின்றவன் போலக் கால் கடுத்தது.

ஒரு நாள் திலக்ஷன் கடைக்கு வந்தான். முகம் வற்றிப் போயிருந்தது. பொனட்டின் ஓரம் மண்மேட்டில் மோதி நசுங்கியிருந்தது.

"ஓடுறப்பவும் வருது மச்சான். வேகமாப் போய்க்கிட்டிருக்கேன், என் காதுப் பக்கத்துக் கண்ணாடியில வெளியிலேருந்து மூச்சு பூக்குது. கூடவே வருது." சாவியை மேசை மேல் வைத்தான். "நீயே எடுத்துக்க. குடுக்கிறதக் குடு."

நிரோஷன் சாவியை எடுத்த வேகத்தை அவனே பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பான்.

ஜீவராணி மட்டும் வாசலில் அவனை நிறுத்தினாள். "நீ அன்னைக்கி அத ஒடச்சதானேப்பா?"

"ஒடச்சேன் அத்தை."

"இப்ப ஒனக்கும் ஒருக்கா கழிச்சிரட்டுமா? கைமாறுதில்ல?"

"வேணாம் அத்தை. அதான் கழிச்சாச்சே," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

என்ன சுகம். இருக்கை அவன் முதுகுக்கென்றே தைத்தது மாதிரி பிடித்துக்கொண்டது. நசுங்கிய பொனட்டைத் தட்டி எடுத்து, மாசு மருவில்லாமல் மெருகேற்றினான். விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மறுநாளும் பளிச். பார்த்தாயா, என் கைக்கு வந்ததும் சரியாகிவிட்டது, இது எனக்கென்று வைத்திருந்தது என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். நிலக்ஷியைப் பொகவந்தலாவைக்கு ஒரு சுற்றுக் கூட்டிப்போனான். அவள்கூட, "நல்லாத்தான் இருக்கு," என்று சிரித்தாள்.

பிறகு ஒரு காலை வட்டம் திரும்பி வந்தது. துடைத்தான், போகவில்லை. அழுத்தித் துடைத்தான். கண்ணாடியின் வெளிப்பக்கம் வறண்டு, துணியில் கிறீச்சிட்டது.

வட்டம் உள்பக்கம் இருந்தது.

பூட்டிய காருக்கு உள்ளே, டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, யாரோ கண்ணாடியில் முகத்தை வைத்து வெளியே பார்த்திருக்கிறார்கள்.

பெண்கள் வருவதற்கு முன்னால் அவசரமாகக் கதவைத் திறந்து ஏறினான். சூடத்தின் வாடை. லேசாகத்தான், ஆனால் சூடம்தான். வட்டத்தைத் துடைக்க உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது. வட்டத்தின் இரண்டு பக்கமும் இருந்த கைத்தடங்களை அவன் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. வலது கையின் ஓரம் முழுசாக இருந்தது. இடது கையின் ஓரம் குட்டை. சுண்டுவிரலின் நுனி இல்லை.

தன் இடது கையைத் தடத்தின் மேல் மெதுவாக வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

அந்த நுனி போனது சின்ன வயதில். தோட்டத்துத் துரையின் ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, கண்ணாடியில் கையை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். துரையின் மகன் இருக்கையில் சம்மணம் போட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். திறந்திருந்த பின்கதவின் இடுக்கில் விரல் போனதே தெரியாத அளவுக்கு இவன் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் கதவை அடித்துச் சாத்தினார். அழுதுகொண்டே, ரத்தம் சொட்டச் சொட்ட, அப்போதும் அந்தப் பிஸ்கட்டைத்தான் பார்த்தான்.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. நேராக முச்சந்திக்கு நடந்தான். இப்போதாவது உடைத்துவிடுவோம், எத்தனை தரம் வேண்டுமானாலும் உடைப்போம் என்று வாய் முணுமுணுத்தது. செடிகளை விலக்கிக் குனிந்தான்.

காய் இல்லை. அழுகிய தோல் இல்லை, விதை இல்லை. அது கிடந்த இடம் மட்டும் வட்டமாகப் புல் வெளுத்துக் கிடந்தது. மழையும் பனியும் மாறி மாறிப் பெய்த அந்த இடத்தில் சூடம் இப்போதுதான் அணைந்த மாதிரி மணத்தது. அவன் தரையைத் தொட்டுப் பார்த்தான். இப்போதுதான் ஆள் எழுந்து போன நாற்காலி போல அது சூடாக இருந்தது.

நிலக்ஷியிடம் சொல்லியிருக்கலாம். அத்தையின் காலில் விழுந்திருக்கலாம். காரை விற்றிருக்கலாம். மூன்றையும் நினைத்தான். மூன்றாவதை நினைத்ததும், வேறொருவன் அந்த இருக்கையில் உட்கார்ந்து வளைவில் திருப்பும் காட்சி கண் முன்னால் வந்தது. அது மட்டும் முடியாது என்று வாய்விட்டே சொன்னான்.

சனிக்கிழமை நிலக்ஷிக்கு நுவரெலியாவில் ஒரு கல்யாண வீடு. பஸ்ஸில் போகலாம் என்று அவன் சொல்ல, அவளுக்கு ஆச்சரியம். "காரு காருன்னு உசிர விட்டுட்டு, இப்ப பஸ்ஸாங்க? நீல சாரி எடுத்து வச்சிருக்கேன், காருக்குப் பொருத்தமா," என்றாள். காரிலேயே போனார்கள். போகும்போது நல்ல வெயில், ஒன்றும் இல்லை. அவனும் கொஞ்சம் மறந்தான்.

திரும்பும்போது பிற்பகலிலேயே மூட்டம் இறங்கிவிட்டது. நோர்வூட் தாண்டியதும் ரோட்டின் வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரிந்தது. தேயிலை மலை இருபக்கமும் இருக்கிறது என்பதை வாசனையால்தான் அறிய முடிந்தது. வைப்பர் இழுத்து இழுத்துப் போட, அதன் அடியில் ஈரம் சளசளவென்று வழிய, சூடான காற்றுக்காக அவன் திருகிவிட்ட துவாரத்திலிருந்து முதலில் தூசி வாடையும், பிறகு மெல்ல மெல்லச் சூடத்தின் வாடையும் வந்தன. நிலக்ஷி கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினாள்.

"என்னங்க. உங்க பக்கக் கண்ணாடி."

அவன் திரும்பவில்லை.

"தெரியாம எப்பிடி ஓட்டுறீங்க? நிறுத்தித் தொடச்சிட்டு வாங்க."

காதோரத்தில் குளிர்ந்தது. யாரோ மூச்சு விடுகிற ஒழுங்கில், விட்டு விட்டுக் குளிர்ந்தது. ரோடு சுத்தமாக மறைந்துபோனது. பிரேக்கை மிதித்தான். எங்கே நின்றிருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தோட்டத்துப் பாதை பிரிகிற இடம். முச்சந்தி.

"சீக்கிரம் தொடச்சிட்டு வாங்க," என்றாள் நிலக்ஷி.

இஞ்ஜினை அணைக்காமல் இறங்கினான். கதவு அவனுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்தான். வெளியிலும் இருந்தது, உள்ளேயும் இருந்தது. துடைத்தான். உள்ளே அதே நேரத்தில் ஒரு துணி அசைந்தது.

அவன் கையை நிறுத்தினான்.

உள்ளே இருந்த துணி நிற்கவில்லை.

கண்ணாடி தெளிந்தது. உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சம். நிலக்ஷியின் நீலச் சேலை. அவள் யாரிடமோ சிரித்துப் பேசுகிறாள். நிரோஷன் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்தான். குனிந்தான். முகத்தை ஒட்டினான்.

டிரைவர் இருக்கையில் அவனுடைய சட்டை. அவனுடைய தோள். ஸ்டியரிங்கில் ஒரு கை. சுண்டுவிரலில் நுனி இல்லை.

"நிலக்ஷி," என்றான். கத்தினான். கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்தது, அவ்வளவுதான். கதவுப் பிடியை இழுத்தான். பனியைப் பிடித்த மாதிரி கை வழுக்கியது. உள்ளே அது கியரைப் போட்டது. நிதானமாக, ஆசையாக. கார் நகர்ந்தது. அவன் ஓடினான். ஓட ஓடக் கால் தரையில் படும் சத்தம் கேட்கவில்லை. மூச்சு இரைக்கவும் இல்லை. கண்ணாடியை விட்டு முகம் பிரியவும் இல்லை.

விடிந்தது. பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். "பாரு, மறுபடியும் வந்திருச்சு," என்றாள் ராசம்மா. அவன் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. லயத்துப் படியிலிருந்து அவனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அது இறங்கி வந்தது. நிலக்ஷி தேத்தண்ணிக் கோப்பையோடு பின்னாலேயே வந்தாள். அவள் முகத்தில் தூக்கம் கலையாத சிரிப்பு இருந்தது. அப்படி ஒரு சிரிப்பை நிரோஷன் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"இன்னைக்கும் இருக்குதாங்க?" என்றாள்.

"இருக்கு. எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன். விடு," என்றது அது, அவனுடைய குரலில்.

துணி கண்ணாடியின் மேல் வந்து, அவன் நெற்றியையும் கண்ணையும் வாயையும் துடைத்துக்கொண்டு போனது. அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நிலக்ஷி கோப்பையை நீட்டினாள், அது வாங்கி ஒரு வாய் குடித்தது, ஏறி உட்கார்ந்து இஞ்ஜினை எழுப்பியது, அந்தச் சத்தம் காலில் ஏறியது. பயம் எங்கோ போய்விட்டது. வயிறு மட்டும் எரிந்தது. நிரோஷன் இரண்டு கையையும் உயர்த்தி, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, கண்ணாடியோடு முகத்தை வைத்தான்.